மங்கு தெரிய எந்தக் கண்ணாடி? மாதிரி செய்கிறவர்களுக்கு ஓர் அலசல்

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணம்தான் மங்கு. அதை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, மாதிரியாகச் செய்தால் அதன் வாய் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அழிரப்பர் மேல் அலுமினியத் தாளை விரித்து, முனை மழுங்கிய கம்பியால் அழுத்தினால் குழி விழும். அதைச் சுற்றி வெட்டி, இடுக்கியில் எடுத்து, மரத்தில் கட்டிய கம்பி வளையத்தில் உட்கார வைக்க வேண்டும். நாற்பத்தைந்து தாண்டிய கண்ணுக்குச் சோதனை இங்கேதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), ரப்பர் புகைக்கூடம், மீட்டர் கேஜ் ரயில் என்று மாதிரிகள் செய்துகொண்டிருக்கும் நாங்கள் சிலர் கூடினால், பேச்சு பெயின்ட்டில் தொடங்கி கண்ணாடியில் வந்து நிற்கும்.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துப் பொருளுக்கு வளைந்து கொடுக்காது. வெள்ளெழுத்து என்பது இதுதான். கடைக்குப் போனால் எல்லோரும் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு முக்கியம், கண்ணுக்கும் கைக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது. தூரப் பார்வை சரியாக இருப்பவருக்கு +2 கண்ணாடியில் அரை மீட்டர், +3இல் 33 சென்டிமீட்டர், +4இல் 25. பவர் ஏற ஏற மூக்கு கத்தி முனைக்குப் பக்கத்தில் போய்விடும்.

முதலில் மலிவானது. இரவுச் சந்தையில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் ரெடிமேட் வெள்ளெழுத்துக் கண்ணாடி பெயின்ட் அடிக்க, பலகை வெட்டப் போதும். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் என்பதால், கண்ணுக்குக் கண் வித்தியாசம் உள்ளவருக்குத் தலைவலிதான். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். கிட்டத்தில் பார்க்கும் பகுதி அடியில் குறுகலாக இருக்கும். கழுத்தைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டியதுதான். வேலை மேசையில் கண்ணிலிருந்து கைவரை டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கே ஒற்றைப் பவரில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் செலவுதான், ஆனால் வீண் போகாது.

தலையில் மாட்டும் லென்ஸ் அடுத்தது. என் ஓட்டு இதற்குத்தான். ஆப்டிவைசர் வகையில் 3ஆம் எண் 1.75 மடங்கு, சுமார் 14 அங்குலத்தில் தெளிவு. 5ஆம் எண் இரண்டரை மடங்கு, 8 அங்குலம். 10ஆம் எண்ணை வாங்கினால் மூன்றரை மடங்கு. ஆனால் 4 அங்குலத்தில் இடுக்கி எங்கே, பிரஷ் எங்கே? 3 அல்லது 4 போதும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்ப்பதால் ஆழம் தெரியும், மங்கு வளையத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தடுமாற வேண்டாம். போட்டிருக்கும் கண்ணாடி மேலேயே மாட்டலாம். குறை, நம்ம ஊர் வெக்கை. நெற்றி வியர்த்து லென்ஸ் பனி பிடிக்கும். ஃபேனைப் போட்டால் வெட்டி வைத்த மங்கெல்லாம் பறந்துவிடும்.

வட்ட விளக்கு வைத்த மேசை லென்ஸில் தலைப் பாரம் இல்லை. 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) என்றால் 1.75 மடங்கு, 5 என்றால் 2.25. ஆனால் லென்ஸ் ஓரத்தில் கோடுகள் வளையும். கத்தியைத் தூக்கும்போது கை லென்ஸில் இடிக்கும். இதில் எனக்குப் பிடித்தது விளக்குதான். அறுபது வயதுக் கண்ணுக்குள் இருபது வயதுக் கண்ணைவிட மிகக் குறைவான வெளிச்சமே போகிறது. கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தால் வெள்ளை கிரீமாகத் தெரியும். செம்மண் நிறம் கலக்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும். நிறத்தைச் சரியாகக் காட்டும், சிஆர்ஐ 90க்கு மேலுள்ள நல்ல எல்இடி விளக்கை வாங்கிவிட்டால் பாதிப் பேருக்கு லென்ஸே தேவைப்படாது. ஒன்று மட்டும்: எந்த லென்ஸையும் ஜன்னலோரம் வெயிலில் திறந்து வைக்காதீர்கள். மர வீடு, நெருப்பு பிடிக்கும்.

யூஎஸ்பி மைக்ராஸ்கோப் பார்க்க அழகு. செய்த வேலையைச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம். திரையைப் பார்த்து ஒட்டப் போனால் ஆழமும் தெரியாது, படமும் ஒரு கணம் பிந்தி வரும்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் மாறும்; இன்று போட்ட கண்ணாடி அடுத்த மாதம் ஒத்துவராது. நேரான தண்டவாளம் நடுவில் நெளிந்து தெரிந்தால் அது கண்ணாடிக் கடை விவகாரமே இல்லை. ஈப்போவுக்கு உடனே கிளம்பி, கண் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசி வழி, அளவையே மாற்றுவது. 1:35இல் அந்த மங்கு மூன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடும், லென்ஸ் இல்லாமலே சமாளிக்கலாம். ஆனால் 30 மீட்டர் லயம் 34 சென்டிமீட்டரிலிருந்து 86க்குப் போய்விடும், வீட்டில் சண்டை வரும். முழு லயம் வேண்டாம், ஒரு வாசலும் ஒரு மரமும் சாத்தி வைத்த சைக்கிளும் செய்யுங்கள். சைக்கிள் ஸ்போக் மட்டும் எந்த அளவிலும் உயிரை வாங்கும், அதை ஃபோட்டோ எட்ச் தகடாகவே (அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய உலோகத் தகடு) வாங்கிவிடுங்கள்.