ட்ராக்டர் டாப் லிங்க் போட்ட ஹாட் ராட்: மூணு வருஷம் ஓட்டுன கதை

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கேட்டார், "அண்ணே, உங்க ஃபோர்ட் மாடல் ஏ ஹாட் ராட்ல (பழைய காரை மாத்திக் கட்டுனது) பின்னாடி ட்ராக்டர் டாப் லிங்க் தானே, நானும் போடலாமா, இல்ல நீங்க கழட்டுறதா இருந்தா எனக்கே குடுத்துடுங்க"ன்னு. ஃபோன்ல ஒரு வரியில சொல்ல முடியல, அதான் எழுதுறேன்.

வண்டி 1930 கூப், ரெண்டு கதவு கார். ட்ரைவ்ஷாஃப்டை மூடியிருக்குற பழைய டார்க் ட்யூப் குழாயை எடுத்துட்டு ஓப்பன் ட்ரைவ்ஷாஃப்ட், பின்னாடி த்ரீ லிங்க், அதாவது பின் ஆக்சிலை சேஸியோட புடிச்சு நிறுத்துற மூணு கை. கீழ இருக்குற ரெண்டு ஆர்மும் காருக்குன்னே செஞ்சது, அதுல நான் வெளையாட மாட்டேன். மேல நடுவுல இருக்குற ஒத்த லிங்க் மட்டும் அமெரிக்காவுல ஒஹாயோல பழைய வண்டி போட்டு வைக்கிற ஒரு சால்வேஜ் யார்டுல சேத்துல பாதி பொதைஞ்சு கிடந்த ஃபோர்ட் 8என் ட்ராக்டரோடது. முப்பது டாலர். அந்த ட்ராக்டர்ல சஸ்பென்ஷனே கிடையாதேம்பீங்க, உண்மைதான், முன் ஆக்சில் நடு பின்ல சீசா மாதிரி ஆடும், பின்னாடி அதுவும் இல்ல. ஆனா கலப்பை மாட்டுற த்ரீ பாயிண்ட் ஹிட்ச் இருக்கே, அதோட மேல் கை தான் இது.

இதுல எனக்கு இன்னைக்கு வரைக்கும் சலிக்காத சமாச்சாரம் அந்த மரை. ஒரு முனை வலது மரை, இன்னொரு முனை இடது மரை, நடு குழாயத் திருப்புனா லிங்க் நீளும் இல்ல சுருங்கும், எதையும் கழட்ட வேணாம். பினியன் ஆங்கிளை, அதாவது ட்ரைவ்ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்சில் மூக்கோட சாய்வை, வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே ஒரு ஸ்பேனர்ல அரை டிகிரி கூட்டலாம் குறைக்கலாம். இதே வசதிக்கு ஹாட் ராட் கடையில கேக்குற விலைய கேட்டா வயிறு எரியும்.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். டொக். கியர் போட்டு கிளட்ச் விட்டா டொக். ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா டொக். சிக்னல்ல நின்னா ஒண்ணு, கெளம்பினா ஒண்ணு. பக்கத்துல உக்காந்திருக்குற வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் என்னைய ஒரு பார்வை பாக்குறாங்க.

காரணம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. உழும்போது கலப்பை டாப் லிங்கை முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும், எப்பவும் ஒரே பக்கம் அமுக்கம், அதனால லிங்க் முனைய மாட்டுற முக்கால் இஞ்ச் பின்னுக்கும், அந்த முனையில இருக்குற ஓட்டை போட்ட உருண்டைக்கும் நடுவுல எவ்வளவு லூஸ் இருந்தாலும் தெரியாது. அந்த அமுக்கத்த வச்சு தான் ஹைட்ராலிக்கே கலப்பைய எவ்வளவு தூக்கணும்னு முடிவு பண்ணும், இந்த ஹிட்ச்ச உருவாக்குன ஹாரி ஃபெர்குசன் மூளை அது. ஆனா கார்ல மிதிச்சா லிங்க் இழுபடும், பிரேக் புடிச்சா அமுங்கும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் அந்த லூஸ் தாண்டி இரும்புல இரும்பு இடிக்குது. லிங்க் மேல தப்பு இல்ல, அத இந்த வேலைக்கு வச்ச என் மேல தான் தப்பு, இத சொல்லும்போது கூட கோவம் வருது.

ஏப்ரல்ல கழட்டுனப்ப பின்ல நகம் வச்சு தடவினா படிக்கட்டு மாதிரி தட்டுச்சு. ஃபோர்ஜிங் தான், காஸ்ட் இல்லைன்னு பாத்துக்கிட்டு, முன் முனைய வெட்டி, நல்லா சூடு காட்டி, ஸ்லீவ் (ஒரு சின்ன குழாய்) வெல்டு பண்ணி, ரப்பர் மாதிரி இருக்குற யூரித்தேன் புஷ் ஏத்தினோம். பின்னாடி முனையில உருண்டை அப்படியே தான், வண்டி சாயும்போது அது திரும்பியாகணும். சத்தம் பாதியாச்சு. பாதி தான்.

இன்னொண்ணு, லாக் நட் ரெண்டு பக்கமும் கட்டாயம் போடுங்க. நான் முதல்ல போடல, அதிர்வுல குழாய் தானா திரும்பி, பினியன் ஆங்கிள் மாறி, ஹைவேல அறுபது மைல்ல சீட்டே நடுங்குச்சு. ஒரு பக்க நட் இடது மரைங்கிறதால அத தேடி அலைஞ்சதுல ரெண்டு சனிக்கிழமை போச்சு.

அதனால தம்பி, வேணாம். புஷ் போட்ட புது லிங்க்கே வாங்கிக்கோ. என்னுது கேக்காத, கழட்ட மாட்டேன்.