ஆலப்புழையா, போபாலா, தெஹ்ரியா, செகெட்டா? கயாக் பயிற்சிக்கு ஊர்விட்டு ஊர் போகுமுன்

கயாக் (உட்கார்ந்து, இரு முனைத் துடுப்பால் ஓட்டுவது), கனூ (முழங்காலிட்டு, ஒரு முனைத் துடுப்பால் ஓட்டுவது) படகுப் பந்தயத்தில் ஓரளவு தேறிய பிள்ளைகளுக்கு ஒரு கட்டத்தில் உள்ளூர்த் தண்ணீர் போதாமல் போய்விடும். மாநிலப் போட்டியைத் தாண்டி தேசியப் போட்டி என்று வரும்போது, "எங்கே அனுப்பலாம்?" என்று பெற்றோர் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆலப்புழை என்பார் ஒருவர், போபால் என்பார் இன்னொருவர், உத்தரகண்டின் தெஹ்ரி அணையைப் பார்த்துவிட்டு வந்தவர் வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். கையில் காசு இருப்பவர்கள் நேராக ஹங்கேரியின் செகெட் என்கிறார்கள். இந்த இடங்களை ஒப்பிடும்போது நான் முதலில் விசாரிப்பது படகைப் பற்றி. ஏரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஒற்றையாள் கயாக்கான கே-1 படகு 5.2 மீட்டர் நீளம் வரை இருக்கும். பந்தய விதிப்படி குறைந்தபட்ச எடை 12 கிலோதான். பழகியவர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிடுவார். ஆனால் அதை ரயில் பெட்டிக்குள் ஏற்ற வழியே இல்லை. விமானத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அணியாகப் போகிறவர்கள் லாரியில் மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். தனியாகப் போகிற பிள்ளை எடுத்துக்கொண்டு போவது துடுப்பையும், முடிந்தால் தன் இருக்கையையும் மட்டும். நடுவில் கழற்றி மாட்டும் துடுப்பாக இருந்தால் பையில் அடங்கிவிடும். கனூக்காரர்கள் தங்கள் முழங்காலுக்கு ஏற்றபடி செதுக்கிய ஃபோம் கட்டையைக் கூடவே கொண்டுபோவார்கள். படகு மட்டும் போகிற இடத்தில்தான் கிடைக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். போர்ச்சுகலின் நெலோ போன்ற கம்பெனிகள் ஒரே மாடலைத் துடுப்பு போடுபவரின் எடைக்குத் தகுந்தபடி பல அளவுகளில் செய்கின்றன. 90 கிலோக்காரருக்குச் செய்த படகில் 50 கிலோ பிள்ளையை உட்கார வைத்தால் படகு தண்ணீரில் போதுமான அளவு அமிழாது. மேலே தூக்கி நிற்கும், காற்று பிடிக்கும், லேசாக அசைந்தாலே ஆடும். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற பிள்ளை வேகமாவதற்குப் பதில் பயந்துபோய் வரும். அதனால் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் எடைக்குப் படகு இருக்கிறதா? முகாம் முடியும்வரை அதே படகு எனக்கே கிடைக்குமா?" கிடைத்தால் முதல் நாளே இருக்கையையும் கால்மிதியையும் தன் அளவுக்கு நகர்த்தி, திருகை இறுக்கி, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிப் பேனாவால் கோடு போட்டுவிட வேண்டும். கால்மிதி இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் காலால் உதைக்கிற விசை மாறும். அதோடு இடுப்பு திரும்புகிற அளவும் மாறிவிடும். மறுநாள் வேறொருவர் அதே படகை எடுத்து மாற்றி வைத்தாலும் அந்தக் கோடு இருக்கும்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

தமிழ்நாட்டிலிருந்து போக ஆலப்புழைதான் வசதி. சென்னையில் இரவு ஏறினால் மறுநாள் காலை இறங்கிவிடலாம்; சேலம், ஈரோடு, கோவைக்காரர்களுக்கு இன்னும் பக்கம். புன்னமடையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. வேம்பநாட்டு ஏரியோடு சேர்ந்த தண்ணீர். நேரு கோப்பை வள்ளம்களி, அதாவது பாம்புப் படகுப் போட்டி, நடக்கிற இடமும் இதுதான் என்பதால், துடுப்பு போடுவதை ஒரு பெரிய காரியமாக மதிக்கிற ஊர். கரையில் நின்று பார்க்கிற பெரியவர்கூட "கை இன்னும் முன்னால போகணும் மோனே" என்று திருத்துவார். அந்தச் சூழல் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற உற்சாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறை என்ன? படகு வீடுகள். நடுப்பகலை நெருங்கும்போது அவை கிளம்பிவிட்டால், எழுப்புகிற அலை கரையில் மோதித் திரும்பி, பக்கவாட்டில் வந்து குறுகலான கே-1 படகை ஆட்டிவைக்கும். காலை ஐந்தரைக்குத் தண்ணீரில் இறங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்நேரத்தில் தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும். முன்னால் போகிறவர் துடுப்பு போட்ட சுழிகள் கலையாமல் நிற்பதைக்கூடப் பார்க்கலாம், ஒரு சுழிக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எண்ணலாம். ஆகவே தங்குமிடம் ஏரிக்கரையிலேயே இருக்க வேண்டும். ஊருக்குள் ரூம் எடுத்துவிட்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தால் அந்தக் காலை நேரம் போயே போச்சு.

இன்னொரு தொல்லை ஆகாயத்தாமரை. மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் பாய்பாயாக மிதந்து வரும். ஒரு கொத்து சுக்கானில் சிக்கினால் போதும், படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். தெரியாத பிள்ளை தன் துடுப்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். வழியில் நிறுத்தி, கொஞ்சம் பின்னோக்கித் துழாவி உதறிவிடப் பழக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி மழை இரண்டும் கழிந்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆலப்புழைக்கு நல்ல காலம்.

போபால் இதற்கு நேரெதிர். ரயிலில் ஓர் இரவும் கிட்டத்தட்ட ஒரு பகலும் ஆகும். மொழி, சாப்பாடு எல்லாம் வேறு. ஆனால் இந்தியாவில் பந்தயக் கயாக் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கேதான் போக வேண்டும். மத்தியப் பிரதேச அரசின் நீர் விளையாட்டு அகாடமி அங்கே இருக்கிறது, தேசிய முகாம்களும் தேசியப் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. டோக்கியோ பாராலிம்பிக்கின் கனூ பந்தயத்தில் இந்தியாவிலிருந்து முதன்முதலாகக் கலந்துகொண்ட பிராச்சி யாதவ் போபாலின் சின்ன ஏரியில் உருவானவர். 2023-இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் தங்கமும் வெள்ளியும் வாங்கினார்.

போபாலில் இரண்டு தண்ணீர். போஜ ராஜா 11ஆம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்லப்படும் படா தாலாப் என்ற பெரிய ஏரி கடல் மாதிரி விரிந்தது, அதனால் காற்றடித்தால் அலை எழும். சோட்டா தாலாப்தான் மேலே சொன்ன சின்ன ஏரி, ஊருக்கு நடுவே அடங்கிக் கிடப்பது. பயிற்சிக்கு எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். ஆனால் போபாலின் உண்மையான சொத்து அங்கே துடுப்பு போடுகிற கூட்டம். கயாக்கில் முன்னால் போகிறவர் எழுப்பும் அலையின் மேல் படகின் மூக்கை ஏற்றிக்கொண்டு போனால், தன்னால் தனியாக எட்ட முடியாத வேகத்தில் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகலாம். 1000 மீட்டர் வரையிலான ஸ்பிரிண்ட் பந்தயத்தில் இதற்கு அனுமதி கிடையாது, அவரவர் தடத்தின் நடுவில்தான் போக வேண்டும். பயிற்சியில் தடையில்லை. தன்னைவிட வேகமானவரின் அலையில் தொங்கிக்கொண்டு போகிற பிள்ளையின் உடம்பு, அந்த வேகத்தில் துடுப்பு எப்படி விழ வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. உள்ளூரில் எப்போதும் முதலாவதாக வருகிற பிள்ளைக்கு இந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. அது கிடைப்பதற்காகவே நான் போபாலுக்கு அனுப்பச் சொல்வேன்.

அகாடமி அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்காக நடப்பது. வெளியூர்ப் பிள்ளை சும்மா போய் நின்றால் படகு கொடுக்க மாட்டார்கள். மாநிலச் சங்கம் வழியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். மே மாதம் வேண்டவே வேண்டாம், வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

தெஹ்ரிக்குப் போனவர்கள் சொக்கிப்போய் வருவதில் ஆச்சரியமில்லை. 260 மீட்டர் உயர அணை, அதற்குப் பின்னால் மலைகளுக்கு நடுவே ஆழமான பச்சைத் தண்ணீர். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் நீர் விளையாட்டுப் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. 2025 தேசிய விளையாட்டின் கயாக், கனூ போட்டிகளும் அங்கேதான் நடந்தன. ஆழம் இருப்பது பெரிய நன்மை. ஆழமில்லாத தண்ணீரில் படகு தன் அலையையே இழுத்துக்கொண்டு போவதுபோல் கனக்கும். ஆனால் இது மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமான நீர்த்தேக்கம். நிரம்பியிருக்கும்போது கடல்மட்டத்திலிருந்து 830 மீட்டரில் நிற்கும் தண்ணீர், கோடையில் 740 வரைக்கும் இறங்கலாம். கரை என்பது மாதத்துக்கு மாதம் வேறிடம். வற்றிய காலத்தில் படகைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஏறுவதற்கே பாதித் தெம்பு போய்விடும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிறைந்திருக்கும் அக்டோபர், நவம்பர்தான் சரி. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று ஏறும், அதனால் கனமான பயிற்சியைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். போட்டி அங்கே என்றால் பத்து நாள் முன்னதாகப் போய்ப் பழகுவது நல்லது. முழுப் பருவப் பயிற்சிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஸ்ரீநகரின் தால் ஏரி கோடைக்கு அருமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் நடுவர் குழுவில் இருந்த பில்கிஸ் மீர் அந்த ஏரியில் தொடங்கியவர். 2025 ஆகஸ்டில் கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழா அங்கே நடந்தது. குளிர்காலத்தில் ஓரங்கள் உறைந்துவிடும் என்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான்.

இந்த இடங்களின் நேரக் கணக்கை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பெற்றோர் விட்டுவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் அடர்த்தியும் பிசுக்கும் கூடியது. படகை அதிகம் இழுக்கும். நவம்பரில் தெஹ்ரியில் 500 மீட்டருக்கு ஆன நேரத்தையும் பிப்ரவரியில் ஆலப்புழையில் ஆன நேரத்தையும் ஒப்பிட்டு "முன்னேறிவிட்டாள்" என்றோ "பின்தங்கிவிட்டாள்" என்றோ சொல்வது பிள்ளைக்கு அநியாயம். அதே நாளில், அதே தண்ணீரில், பக்கத்துத் தடத்தில் வந்தவரிடமிருந்து எத்தனை விநாடி வித்தியாசம் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

இனி வெளிநாடு. ஹங்கேரியின் செகெட் நகரில் மாட்டி-எர் என்ற பந்தயத் தளம் இருக்கிறது. 1998, 2006, 2011, 2019 என நான்கு முறை உலக ஸ்பிரிண்ட் போட்டி அங்கே நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஊரின் பெருமை தளத்தோடு நிற்பதில்லை. டிசா ஆற்றங்கரையில் இருக்கும் கிளப்புகளில் சின்னப் பிள்ளைகள் முதல் வயதானவர்கள் வரை துடுப்பு போடுகிறார்கள். போபாலில் கிடைக்கிற "என்னைவிட வேகமானவர்" அங்கே ஒவ்வொரு வயதிலும் கிடைப்பார். போர்ச்சுகலில் மோன்டெமோர்-ஓ-வெல்யோ தளம் 2018 உலகப் போட்டியை நடத்தியது. அங்கே குளிர்காலம் ஹங்கேரியை விட மிதமானது. நெலோ கம்பெனி அதே நாட்டில் இருப்பதால் நமக்குத் தகுந்த அளவில் படகு கிடைப்பதும் சுலபம். பிப்ரவரி, மார்ச்சில் போவதென்றால் போர்ச்சுகல், மே முதல் ஆகஸ்ட் என்றால் செகெட் என்பது என் கணக்கு. எதுவானாலும் ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். பயிற்சி முகாமையும் போட்டியையும் அதற்குள் அடக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் உள்ள, தேசியப் போட்டியில் இறுதிச் சுற்றைக்கூட எட்டாத பிள்ளையை ஐரோப்பாவுக்கு அனுப்புவது தேவையில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் காசில் இரண்டு மூன்று வருடம் ஆலப்புழைக்கும் போபாலுக்கும் போய் வரலாம். 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் இரட்டையர் கனூ 1000 மீட்டரில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் வாங்கிய வெண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்த விளையாட்டில் இந்தியா ஆசியப் போட்டியில் பார்த்த பதக்கம் அதுதான். சுனில் மணிப்பூரின் லோக்டாக் ஏரிப் பக்கத்துக்காரர்; நம் நாட்டு ஏரிக்கரையிலிருந்து வந்தவர்தான்.

ஸ்லாலம், அதாவது தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற பந்தயக்காரர்களுக்கு, மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்குப் பாய்கிற தண்ணீர் வேண்டும்: நர்மதையில் மகேஷ்வரின் சஹஸ்ரதாரா, மழைக்காலத்தில் கோழிக்கோடு கோடஞ்சேரியின் சாலிப்புழா. அதை எழுதத் தனி இடம் வேண்டும்.

முதல்முறை வெளியூர் போகிற தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு என் சிபாரிசு ஜனவரியில் ஆலப்புழை. தேசியப் போட்டிக்குத் தேர்வான பிறகு போபால். ஆலப்புழை ரயிலுக்கு மட்டும் முன்பதிவு திறக்கிற அன்றே, அதாவது 60 நாள் முன்னதாகவே, டிக்கெட் எடுத்துவிடுங்கள். மகரவிளக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போகிற வண்டிகளில் சபரிமலைக்குப் போகிற கூட்டம் நிரம்பியிருக்கும். துடுப்புப் பையை வைக்க இடம் வேண்டுமானால் கீழ் பெர்த்தாகக் கேளுங்கள்.