குதிகால் வலிக்கு மசாஜ் பேக்கேஜ் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். வயது 47. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும், நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். நின்றே பிழைக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். டீச்சர்கள், நர்ஸ்கள், ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள், செக்யூரிட்டி அண்ணன்கள் எல்லோரும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு வலது குதிகாலில் வலி பிடித்தது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித்தான் பாத்ரூமுக்குப் போவேன். பத்து நிமிஷம் நடந்தால் குறைந்துவிடும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே ஆணி. பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பில் முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று சொல்லி ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ‘முள்’ என்கிற வார்த்தைதான் என்னை ஆட்டிவைத்தது. காலுக்குள் ஒரு முள் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று நினைத்து நினைத்து ராத்திரி தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ‘குதிமுள்ளை ஆபரேஷன் இல்லாமல் கரைக்கிறோம். அறிவியல் ஆதாரத்துடன் கூடிய மசாஜ் சிகிச்சை.’ மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடந்துகொண்டிருக்கிறது.

போய்ப் பார்த்தால் ஏசி ரூம், வெள்ளைக் கோட்டு, சுவரில் லேமினேட் செய்து மாட்டிய ஓர் ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரை. முக்கியமான இடங்களில் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார்கள். “பாருங்க மேடம், வெளிநாட்டு ஜர்னல்ல வந்தது. நாங்க செய்யறது எல்லாமே ஆதாரத்தோடதான்” என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மகளிடம் காட்டலாம் என்று போனில் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த போட்டோ இன்று எனக்குப் பெரிய துணையாக இருக்கிறது.

பதினைந்து சிட்டிங், 18,500 ரூபாய். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால்தான் அந்த விலை என்றார்கள். தீபாவளி போனஸை நம்பி, சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

ஒவ்வொரு சிட்டிங்கிலும் முதலில் காலை ஒரு தொட்டியில் வைக்கச் சொல்வார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஒரு கரண்டி உப்பு, ஒரு சின்ன மெஷினிலிருந்து ஒயர் வந்து தண்ணீருக்குள் போகும். கால்மணி நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிடும். மேலே நுரை, பழுப்பாகத் துகள்கள். “இதெல்லாம் உங்க உடம்புல தேங்கிக் கிடந்த கழிவுக்கா. இது வெளியே வந்தாத்தான் முள் கரையும்” என்றான் மசாஜ் செய்கிற தம்பி. நம்பினேன். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லவும் செய்தேன்.

என் மகன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் கலந்தான். இரண்டு இரும்பு ஆணிகளை ஒன்றோடொன்று படாமல் அதில் நிறுத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஒயரை இணைத்தான். ஓர் ஆணியிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளருக்குள் அதே மஞ்சள், அதே பழுப்பு, மேலே அதே நுரை. “இதுல யாரோட காலும் இல்லம்மா. இரும்பு அரிச்சு வர்ற துரு இது” என்றான். அந்த டம்ளரைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மையத்து மெஷினில் இருப்பதும் உலோகத் தகடுதான். காலே வைக்காமல் ஓட்டினாலும் தண்ணீர் நிறம் மாறத்தான் செய்யும்.

ஆனால் அந்த டம்ளரைப் பார்ப்பதற்கு முன்பே ஆறு சிட்டிங் முடிந்துவிட்டது. தொட்டிக்குப் பிறகுதான் மசாஜ். உருண்டையான ஒரு மரக்கட்டையால் குதிகாலில் எங்கே வலிக்கிறதோ அங்கேயே வைத்து அழுத்துவான். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். “வலிச்சாத்தான்க்கா முள் உடையும்” என்பான். ஆறாவது சிட்டிங் முடிந்து மறுநாள் குதிகாலின் உள்பக்கம் கன்றிக் கறுத்துப்போயிருந்தது. அன்று கடையில் சேலையை எடுத்துப் போடக்கூட நிற்க முடியவில்லை. மூன்று நாள் சம்பளம் போனது. போன் செய்து கேட்டால், கெட்டது வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும், கூடவே லேசர் எடுத்துக்கொள்ளுங்கள், 9,000 ரூபாய் தனி என்றார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் வலியைவிடப் பெரிது. ஒருநாள் பக்கத்து நாற்காலியில் அறுபது வயசுக்கு மேல் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி கம்மி என்று அவரே சொன்னார். அவருக்குத் தண்ணீர் சூடு அதிகமாகிவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை. காலை வெளியே எடுத்தபோது தோல் சிவந்து, விரல் பக்கத்தில் கொப்புளம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் ஒரு சின்னக் கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே யாருமே வருகிறவர்களிடம் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கட்டிய தொகை திரும்பத் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டினார்கள். வேண்டுமானால் மீதி ஒன்பது சிட்டிங்கை வீட்டில் வேறு யாருக்காவது மாற்றிக்கொள்ளலாமாம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் புத்தூர் ஜி.எச்.சுக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார். அங்கே என் மகள் வயசில் ஒரு பெண். முதலில் கேள்விதான் கேட்டார்: எப்போது வலிக்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போது வலிக்கிறதா, மதமதப்பு இருக்கிறதா, சர்க்கரை உண்டா, என்ன வேலை, செருப்பு என்ன. பிறகு குதிகாலை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திப் பார்த்தார், கணுக்காலை மடக்கிப் பார்த்தார். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது, அது குதிகாலில் ஒட்டுகிற இடத்தில்தான் உங்களுக்குப் பிரச்சினை, இதற்குப் பெயர் பிளாண்டார் ஃபேசியைட்டிஸ் என்றார். முள்ளைப் பற்றிக் கேட்டேன். “வலியே இல்லாத நிறைய பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தா அந்த முள் இருக்கும்மா. எலும்பை யாராலயும் தேய்ச்சுக் கரைக்க முடியாது. கரைக்கணும்னு அவசியமும் இல்ல” என்றார். மூன்று மாதமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் அன்றைக்குத்தான் போனது.

அந்த போட்டோவை அவரிடம் காட்டினேன். பெரிதாக்கி நிதானமாகப் படித்தார். அது உண்மையான கட்டுரைதானாம், 2011-இல் வந்தது. 60 நோயாளிகளை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பிரிவினருமே காலை நீட்டி இழுக்கும் பயிற்சியைத் தாங்களே செய்தவர்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகக் கெண்டைக்கால் தசையில் இறுகிக் கிடந்த இடங்களைக் கையால் அழுத்தித் தளர்த்தியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் அவர்களுக்கு வலி இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைந்திருந்தது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. மரக்கட்டை இல்லை, தொட்டி இல்லை, முள் கரைவதும் இல்லை. அந்த மையத்தில் ஒருநாள்கூட என் கெண்டைக்காலைத் தொட்டதில்லை. ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தந்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த உண்மை ஒன்று, என் காலில் செய்தது வேறு. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான்.

மசாஜே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த பிசியோ பெண்ணே என் கெண்டைக்காலைப் பத்து நிமிஷம் கையால் பிடித்துவிட்டார், எழுந்து நின்றபோது கால் லேசாக இருந்தது. ஆனால் இது துணைக்குத்தான், வேலை செய்யப்போவது நீங்கள் வீட்டில் செய்யும் பயிற்சி என்று அப்போதே சொல்லிவிட்டார். எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டதற்கு, மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குணமாகிவிடும் என்றார்.

அவர் சொல்லித்தந்த பயிற்சி இதுதான். காலையில் எழுந்ததும் காலைத் தரையில் வைக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே வலிக்கிற காலைத் தூக்கி அடுத்த தொடை மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கால்விரல்களைக் கையால் பிடித்து, முழங்காலைப் பார்த்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். என் இன்னொரு கையின் கட்டைவிரலை எடுத்து உள்ளங்காலில் வைத்துக் காட்டினார். கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிய மாதிரி ஒரு நார் விறைத்து நின்றது. அது விறைத்தால்தான் சரியாகச் செய்கிறோம் என்று அர்த்தம். பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். அப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தூங்கும்போது பாதம் தொங்கிக் கிடப்பதால் நார் சுருங்கிய நிலையிலேயே இருக்கும், எழுந்து திடீரென்று முழு எடையையும் வைத்தால் இழுபடும், முதல் அடியில் உயிர் போவது அதனால்தான் என்றார். 2003-இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்களாம். கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணை மட்டும் இழுத்தவர்களைவிட, முதல் அடிக்கு முன்பே இப்படி இழுத்தவர்களுக்கு நல்ல குணம் தெரிந்ததாம்.

ஒரு மாதம் கழித்து இன்னொன்றும் சேர்த்தார். படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். ஏற மூன்று எண்ணிக்கை, மேலே இரண்டு, இறங்க மூன்று. ஒருநாள் விட்டு ஒருநாள். இது டென்மார்க்கில் 2014-இல் செய்த ஆய்வில் உள்ளது. மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்கள் கால்விரலை இழுத்தவர்களைவிட முந்தினார்கள், ஒரு வருஷத்தில் இரண்டு பயிற்சியும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தப் பேச்சில்தான்.

இதற்கெல்லாம் எனக்கு ஆன செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு மெத்தென்ற செருப்பும். கடையில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நிற்கக் கூடாது என்று அவர் சொன்னதை முதலாளியிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. எங்கள் பிரிவிலும் இரண்டு ஸ்டூல் இருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் கூச்சப்படாமல் உட்காருங்கள், அது நம் உரிமை. இந்த வலிக்கு நாள் முழுக்க நிற்பதும் ஒரு காரணம்.

இப்போது சித்திரை. பெரும்பாலான நாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். முகூர்த்த நாளில் கூட்டம் நெரிந்தால் மறுநாள் கொஞ்சம் தெரியும்.

எல்லாக் குதிகால் வலியும் இதே வலி இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி, எரிச்சல், மரத்துப்போதல், காய்ச்சல், விழுந்து அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாத வலி, இவை இருந்தால் எந்த மசாஜுக்கும் போகாமல் நேரே டாக்டரிடம் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ரத்தக்கட்டி இருந்தால் அழுத்துவதில் நகர்ந்துவிடும், உயிருக்கே ஆபத்து. சர்க்கரை இருந்தால் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால் பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால், ‘இன்று ஒரு தடவைக்கு மட்டும் தருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். நான் அதில் பதிவு செய்துவிட்டு, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்தேன். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, ஜிபே கணக்கு, கன்றிய காலின் போட்டோ, அந்தச் சுவரின் போட்டோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று அவர்களாக அச்சடித்துவிட்டால் நமக்குக் கேட்கவே உரிமை இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் வாய்தா. அந்தக் கொப்புளம் வந்த அம்மாவின் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. பச்சைக் கரை போட்ட சுங்குடிச் சேலை கட்டியிருந்தார், மணப்பாறை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர் காலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், பிறகு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.