மேஜர் என்றான், தோளில் இருந்ததோ ஒரு ஸ்டாரும் பட்டையும்: 38,500 ரூபாய் போச்சு

பழைய பொருள் வாங்கி விற்கும் ஆன்லைன் தளத்தில் ஸ்கூட்டர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். எனக்கு 38,500 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது.

கல்லூரிக்குப் போகும் மகளுக்காகத்தான் தேடினேன். விற்பவன் தன்னை ராணுவ மேஜர் என்றான். வெலிங்டனில் இருக்கிறானாம், ஜம்முவுக்கு மாற்றலாம், வண்டியைக் கொண்டுபோக முடியாததால்தான் இந்த விலையாம். போனை எடுத்தாலே "ஜெய் ஹிந்த் சார்". சீருடையில் ஒரு போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் அட்டை என்று வாட்ஸப்பில் வரிசையாக வந்தன. நம் ஊரில் பட்டாளத்துக்காரர் என்றால் தனி மரியாதை. அவரிடம் போய் "முதலில் வண்டியைக் காட்டு" என்று யாருக்குக் கேட்க வாய் வரும்? அந்த மரியாதையைத்தான் அவன் காசாக்கினான்.

கேட் பாஸுக்கு 3,500. ராணுவ லாரி வாடகை 10,000. வண்டி வந்ததும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி டெபாசிட் 25,000. அடுத்து இன்சூரன்ஸுக்கு என்று ஆரம்பித்ததும் போட்டோவை எதிர்வீட்டு மாமாவிடம் காட்டினேன். ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. இரண்டு விரலால் தோள்பட்டையைப் பெரிதாக்கினார்.

"தம்பி, ஒரு ஸ்டார், குறுக்கே பட்டை. இவர் நாயிப் சுபேதார். மேஜர் தோளில் ஸ்டாரே இருக்காது, சிங்க முகம் மட்டும்தான்."

அட்டையில் மேஜர், தோளில் நாயிப் சுபேதார்! யாரோ ஒரு நல்ல மனிதரின் படத்தைத் திருடி வைத்திருக்கிறான்.

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பட்டை இல்லாமல் இரண்டு ஸ்டார் என்றால் லெப்டினன்ட், மூன்று என்றால் கேப்டன். அசோகச் சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். சிங்கத்தோடு ஒரு ஸ்டார் லெப்டினன்ட் கர்னல், இரண்டு கர்னல், மூன்று பிரிகேடியர். கர்னலிலிருந்து காலரில் சிவப்புப் பட்டி வந்துவிடும். அதற்கு மேலே ஜெனரல்களுக்கு வாளும் கோலும் குறுக்காக. பட்டை இருந்தால் ஜேசிஓ, அதாவது ஹவில்தாருக்கு மேலே, லெப்டினன்டுக்குக் கீழே உள்ளவர்கள்: ஒரு ஸ்டார் நாயிப் சுபேதார், இரண்டு சுபேதார், சிங்கம் இருந்தால் சுபேதார் மேஜர். பட்டையைக் கவனிக்காவிட்டால் சுபேதார் மேஜரையும் மேஜரையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஹவில்தாருக்குத் தோளில் எதுவும் கிடையாது, சட்டைக் கையில் மூன்று 'வி' பட்டை.

இந்த விளம்பரத்துக்கு 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் கொடுத்திருந்தது அந்தத் தளம். எதைச் சரிபார்த்தார்கள்? புகார் செய்தால் இயந்திரம்தான் பதில் சொல்கிறது. விடாமல் எழுதியதும், "வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி வந்தது. வங்கிக்குப் போனால், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே சார்" என்று கையை விரிக்கிறார்கள். 38,500 ரூபாய் எனக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். கேட்க ஆளில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வாட்ஸப்பில் ராணுவ அட்டை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரேங்க் பொருந்தவில்லை என்றால் பொய் உறுதி. பொருந்தினாலும் நம்பாதீர்கள், அடுத்த படத்தைச் சரியாகப் பார்த்துத் திருடியிருப்பான். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

அந்த விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை. அதே போட்டோ, அதே வண்டி, ஊர் மட்டும் இப்போது கோயம்புத்தூர். அங்கே யாராவது பேசிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள்.