தாராசுரத்தில் ரிக்கோ ஜிஆர் 3: பயணத்துக்கேற்ற கேமராதானா?

பயணத்துக்குக் கேமரா வாங்குவோர் பெரும்பாலும் எத்தனை மடங்கு ஜூம் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். ஒளியைப் படமாகப் பதியும் சென்சரின் அளவையும் கேமராவின் எடையையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2019-இல் வெளிவந்த ரிக்கோ ஜிஆர் 3, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம்தான். ஆயினும் டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர், 24 மெகாபிக்சலுடன் இதற்குள் இருக்கிறது.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இதன் அருமை நன்றாகத் தெரியும். கருவறைப் புறச்சுவரின் கீழ்வரிசையில் நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறு சிற்பங்களைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால், தேய்ந்துபோன முகங்களின் மூக்கும் கைவிரல்களின் மடிப்பும் தனித்தனியே பதிகின்றன. வெளிச்சம் குறைந்த மண்டபத்துக்குள் ஃபிளாஷ் இல்லாமலே, ஒளியைத் தாராளமாக உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸையும் கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பையும் நம்பி, தூணில் சாய்ந்தபடி மெதுவான ஷட்டர் வேகத்தில் எடுக்கலாம். 28 மிமீக்கு இணையான அகலக் கோணம் என்பதால் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் பின்புறம் சரிவதுபோல் தோன்றும். சில அடி பின்வாங்கி, கேமராவை மட்டமாகப் பிடிப்பதே நல்லது.

கடைத்தெருவில், ஃபோகஸ் தொலைவை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஸ்நாப் ஃபோகஸ் வசதி பெரிதும் கைகொடுக்கிறது. தொலைவை 2.5 மீட்டருக்கும் லென்ஸின் ஒளித்துளையை (அபர்ச்சர்) எஃப் 8-க்கும் வைத்துவிட்டால், ஏறத்தாழ 1.2 மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஷட்டர் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸுக்காகக் காத்திராமல் படம் பதிவாகிவிடுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 200 படங்கள்தான் என்பதால் கூடுதல் பேட்டரி கட்டாயம் வேண்டும். யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கிலும் சார்ஜ் செய்யலாம் என்பது ஆறுதல். வியூஃபைண்டர் இல்லாததால் உச்சிவெயிலில் திரையைப் பார்ப்பது சிரமம். ஜூம் அறவே இல்லை: தொலைவைக் கிட்டத்தில் காட்ட, படத்தின் நடுப்பகுதியை மட்டும் 50 மிமீ அளவுக்கு வெட்டிக்கொண்டால் ஏறத்தாழ 7 மெகாபிக்சலே மிஞ்சும். கோபுரத்து உச்சிச் சுதைகளும் பறவைகளும் வேண்டுவோர் 24-200 மிமீ லென்ஸுள்ள சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பை நாடலாம். ஆனால் அதன் சென்சர் சிறியது.

தூசுக்கும் மழைக்கும் காப்பு இல்லாத கேமரா இது; லென்ஸைக் கழற்ற முடியாததால், உள்ளே தூசு புகுந்தால் நாமே துடைக்கவும் வழியில்லை. ஆகவே பழைய கேமராவாக வாங்குவோர், வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் படமெடுத்து, பெரிதாக்கிக் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கவும்.