வாசகர் தெரிவு விருது: கையெழுத்து வைக்க முதல் வாசியுங்கோ

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் நானும் மனைவியும் 11 வருசமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். ரோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி, பின்னேரத்தில் இடியப்பமும் சொதியும், சனி ஞாயிறுகளில் பிறந்தநாள், சாமத்திய வீடு என்று ஓடர். 2024 வசந்தகாலத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று நடத்துகிற வாசகர் தெரிவு விருதுக்காக 1,011 டொலர் 35 சதம் கட்டினோம். கட்டத் தேவையே இருக்கவில்லை. காசைவிட வேறொன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதைக் கீழே சொல்கிறேன். இந்த வருசத்துக்கான அழைப்புகள் தொடங்கிவிட்டன. பக்கத்தில் சலூன் வைத்திருக்கிற தங்கச்சிக்குப் போன கிழமை வந்தது. அவர் கையெழுத்து வைக்க முதல் என்னிடம் கேட்டார். கேட்க ஆளில்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்கு வந்த அழைப்பு தமிழிலேயே வந்தது. பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் வேலை செய்கிற தம்பி. நல்ல மரியாதையாகக் கதைத்தார்.

"அண்ணை, உங்கட கடையைச் சனம் நாமினேட் பண்ணியிருக்கினம். நாலு பிரிவில உங்கட பேர் வந்திருக்கு. வாழ்த்துக்கள்."

"ஆர் தம்பி போட்டது?"

"வாசகர்கள்தான் அண்ணை. இனி வோட்டிங் தொடங்கப் போகுது. மற்றக் கடைக்காரர் கனபேர் புரொஃபைல் எடுத்திட்டினம். உங்கட பேர் மட்டும் வெறும் எழுத்தா நிண்டா வடிவா இராது."

மனைவி அடுப்படியிலிருந்து, "முதல்ல காசு எவ்வளவெண்டு கேளுங்கோ" என்றார். கேட்டேன். 895 டொலர், அதற்கு மேல் 13 வீத வரி. அந்தக் காசுக்கு வாக்குப் பக்கத்தில் படங்களோடு எங்கள் கடை விபரம், 'எங்களுக்கு வாக்களியுங்கள்' என்று பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம், பத்திரிகையின் ஃபேஸ்புக் பக்கத்தில் நாலு பதிவு, வென்றால் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்ரிக்கர். நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: காசு கட்டாவிட்டால் எங்கள் பேரை எடுத்துவிடுவீர்களா? அதைக் கேட்டிருந்தால் அந்தத் தம்பி பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்காதவனுக்கு அவர் சொல்லவுமில்லை.

இந்த விருது நடக்கிற முறை இதுதான். முதலில் சில கிழமைகளுக்கு முன்மொழிவு. யாரும் யாருடைய பேரையும் போடலாம். கடைக்காரரே தன் பேரைப் போடலாம். பல் வைத்தியர், கூரை வேலை, நாய்க்கு முடி வெட்டுகிற இடம் என்று நூற்றுக்கு மேல் பிரிவுகள். பிறகு வாக்களிப்பு. ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு, ஒரு பிரிவில், ஒரு நாளைக்கு ஒரு வாக்கு. ஆகவே 30 நாள் திறந்திருந்தால் ஒரே ஆள் 30 தரம் போடலாம். முடிவில் ஒவ்வொரு பிரிவிலும் மூன்று பேருக்கு டயமண்ட், பிளாட்டினம், கோல்ட் என்று தரம் பிரித்துக் கொடுப்பார்கள். எல்லாப் பத்திரிகையும் இதே கணக்கில் நடத்துவதில்லை. சிலர் ஒரே ஒரு வாக்குத்தான் விடுவார்கள், சிலர் தங்களுடைய ஆசிரியர் குழுவின் தெரிவையும் சேர்ப்பார்கள். ஆனால் காசு வருகிற வழி எங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்மொழிவுக்கு ஒரு விளம்பரம், வாக்களிப்புக்கு ஒரு விளம்பரம், வென்றபின் நன்றி சொல்ல ஒரு விளம்பரம், கேடயம், விருது இரவுக்கு ரிக்கெற்.

வாக்கைக் காசுக்கு விற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சாட்சி எங்கள் பிளாசாவிலேயே இருக்கிறது. கோடியில் கயானாக்கார அம்மா ஒருவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அழைப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு சதமும் கட்டவில்லை. அவருடைய பேர் வாக்குப் பக்கத்தில் வெறும் எழுத்தாகவே நின்றது. அவருடைய பிரிவில் பிளாட்டினம் கிடைத்தது. முடிவு வந்த நாள் நான் வாழ்த்தப் போனபோது, "நீ எவ்வளவு கட்டினாய்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பதில் பேசாமல் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். விதிகளின் பக்கத்தில், கடைசிக்கு முதல் பந்தியில், கலந்துகொள்வதற்கோ வெல்வதற்கோ எதுவும் வாங்கத் தேவையில்லை என்று எழுதியிருப்பதை அன்றிரவுதான் வாசித்தேன்.

இனி அந்த ஃபேஸ்புக் கதை. கனடாவில் கடை வைத்திருக்கிற எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். 2023 யூனில் மத்திய அரசு இணையச் செய்திச் சட்டத்தை நிறைவேற்றியது. செய்திகளைக் காட்டுகிற பெரிய இணைய நிறுவனங்கள் செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதற்கான சட்டம் அது. செய்தி நிறுவனங்களுக்குக் காசு கொடுக்க மாட்டோம் என்று ஃபேஸ்புக்கை நடத்துகிற மெற்றா நிறுவனம் அந்த ஓகஸ்ட்டிலிருந்தே கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்ராகிராமிலும் செய்திகளை மறைக்கத் தொடங்கியது. ஒரு பத்திரிகையின் பக்கத்தைக் கனடாவிலிருந்து திறந்தால் பதிவுகள் தெரியாது. எங்களுக்கு நாலு பதிவு விற்றது 2024 ஏப்ரலில், அதாவது எட்டு மாதம் கழித்து. முதல் பதிவு போட்டாயிற்று என்று தம்பியிடமிருந்து தகவல் வந்தது. மதியச் சனம் குறைந்தபின் நானும் மனைவியும் கவுண்டரில் நின்று என் போனில் தேடினோம். பத்திரிகையின் பேரும் படமும் தெரிந்தன. கீழே பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில், கனடாவில் இருப்பவர்களுக்கு இந்த உள்ளடக்கம் தெரியாது என்ற அறிவித்தல் மட்டும். மனைவி தன் போனிலும் பார்த்தார், அதேதான். எங்கள் ரோல்ஸை லண்டனிலோ கொழும்பிலோ இருக்கிறவர் பார்க்கலாம். எக்ளின்ரன் வீதியில் இருக்கிறவர் பார்க்க முடியாது. பத்திரிகைக்காரருக்கு இது தெரியாமலிருக்க வழியே இல்லை. தங்கள் செய்திகளை மறைத்துவிட்டார்கள் என்று அவர்களே பக்கம் பக்கமாக எழுதியவர்கள். அந்த இடத்தில்தான் நான் ஏமாற்றப்பட்டேன் என்று துணிந்து சொல்கிறேன்.

ஆனால் எனக்கு ஆறாதது அதுவுமில்லை. 'ஒவ்வொரு நாளும் வாக்களியுங்கள்' என்ற அட்டையைக் கவுண்டரில் வைத்து, சாப்பாடு கட்டுகிற நேரத்தில் வருகிற எல்லாரிடமும் கேட்டவன் நான். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு எடுக்க வருகிற அம்மா ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், தனிய இருக்கிறார். அவருக்குப் போனில் வாக்குப் போடத் தெரியாது; நானே வாங்கி, அவருடைய மின்னஞ்சலை அடித்து, வந்த பெட்டிகளில் எல்லாம் சரி போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்து போனை நீட்டினார்.

"தம்பி, நீங்கள் சொல்லித்தானே போட்டனான். இப்ப நாளுக்கு அஞ்சாறு வருது. மெத்தையாம், யன்னலாம், காது மெஷினாம். மகன் லண்டனிலயிருந்து போடுறது இதுக்குள்ள எங்கயெண்டு கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு."

நான் சரி போட்ட பெட்டிகளில் ஒன்று பத்திரிகையின் சலுகை மடல்களுக்கான சம்மதம். இன்னொன்று 'எங்கள் பங்காளர்கள்' அனுப்புவதற்கான சம்மதம். வாக்களிக்க அவை இரண்டும் தேவையில்லை. அன்று அவரோடு இருந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். 2014 யூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற எரித எதிர்ப்புச் சட்டப்படி (எரிதம் என்பது கேட்காமல் வருகிற விளம்பர மின்னஞ்சல்), நிறுத்தச் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். நின்றது. ஆனால் அவரைப் போல எத்தனை பேரிடம் நான் கேட்டேன் என்று எனக்குக் கணக்கில்லை. இந்த வாக்கெடுப்பால் பத்திரிகைக்குக் கிடைக்கிற பெரிய சொத்து அந்த முகவரிப் பட்டியல்தான். அதைச் சேர்த்துக் கொடுக்கிற வேலையைக் கடைக்காரர்கள் காசும் கட்டிச் செய்கிறோம்.

எங்களுக்கும் ஒரு பிரிவில் டயமண்ட் கிடைத்தது. இறுதிப் பட்டியலில் ஐந்து பேர், மூன்று பேருக்குப் பரிசு. எத்தனை வாக்கு என்று கேட்டேன். எண்ணிக்கை வெளியிடுவதில்லை என்றார்கள். நன்றி விளம்பரம், கேடயம், விருது இரவு மூன்றையும் மறுத்துவிட்டோம். இரண்டு கிழமைக்குள் வேறொரு இடத்திலிருந்து, 'உங்கள் விருதுக் கேடயம் தயார்' என்று எங்கள் கடைப் பேர் பொறித்த படத்தோடு மின்னஞ்சல் வந்தது. அது பத்திரிகையே இல்லை. வெற்றியாளர் பட்டியலைப் பார்த்துக் கேடயம் விற்கிறவர்கள். சிலர் நடக்காத விருதையே நடந்ததாகச் சொல்லி எழுதுவார்கள். அப்படி வந்தால் கனடிய மோசடி எதிர்ப்பு நிலையத்துக்கு, 1-888-495-8501, சொல்லலாம்.

2025 தையில் அடுத்த வருசத்துக்கான பில் வந்தது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், முடிவுத் திகதிக்கு 60 நாள் முன்பு எழுத்தில் நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று இருந்தது. ஒன்ராறியோவில் வீட்டுக்கு வந்து விற்கிறவரோடு செய்த ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விடலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொந்தத் தேவைக்கு வாங்குகிறவருக்குத்தான். கடைக்காகக் கையெழுத்து வைத்தால் அது நமக்கு உதவாது. ஃபேஸ்புக் பக்கத்தின் படத்தைத் திகதியோடு இணைத்துக் கடிதம் எழுதினேன். முதலில், அடுத்த வருச விளம்பரத்தில் கழித்து விடுகிறோம் என்றார்கள். மறுத்து இன்னும் இரண்டு கடிதம் எழுதியபின் புதுப்பித்தலை ரத்துச் செய்து, 240 டொலர் திருப்பித் தந்தார்கள்.

பத்திரிகைகளின் கஷ்டம் எனக்கு விளங்காமலில்லை. சின்ன விளம்பரங்கள் எல்லாம் கிஜிஜி என்ற இணைய விளம்பரத் தளத்துக்குப் போய்விட்டன. 2023 செப்ரெம்பரில் ஒன்ராறியோவின் மெற்ரோலாண்ட் பத்திரிகைக் குழுமம் 70க்கு மேற்பட்ட வாரப் பத்திரிகைகளின் அச்சை நிறுத்தி, 605 பேரை வேலையால் நிறுத்தியது. (நான் சொல்கிற பத்திரிகை அந்தக் குழுமத்தைச் சேர்ந்ததல்ல.) எங்கள் வட்டாரத்தில் பாடசாலைச் சபைக் கூட்டத்துக்குப் போய் எழுத இன்றைக்கு ஆளில்லை. உள்ளூர்ப் பத்திரிகை வேண்டும் என்பவன் நான். விளம்பரம் என்று சொல்லி விற்றிருந்தால் ஒரு பகுதியாவது வாங்கியிருப்பேன்.

அழைப்பு வந்தால் போனில் ஓம் சொல்ல வேண்டாம். காசு கட்டாவிட்டாலும் பேர் நிற்குமா, தானாகப் புதுப்பிக்குமா, போன வருசம் எங்கள் பிரிவில் எத்தனை பேர் நின்றவை, பதிவு போடுகிற பக்கம் கனடாவில் தெரியுமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கோ. வாக்குக் கேட்க விரும்பினால் கேளுங்கோ, ஆனால் எந்தப் பெட்டிக்குச் சரி போட வேண்டாம் என்பதையும் சனத்துக்குச் சொல்லுங்கோ. ஒப்பந்தம் ஏற்கெனவே கையில் இருந்து, ஆங்கிலம் விளங்காவிட்டால் கடைக்குக் கொண்டு வாங்கோ. செவ்வாய், புதன் பின்னேரம் 3 மணிக்குப் பிறகு சனம் குறைவு. மகள் கம்பஸால் வந்துவிடுவாள். இருந்து வரிக்கு வரி வாசிப்போம்.