தாபரிப்பு வழக்கா, விவாகரத்தா: கையில் எது மிஞ்சும்?

ஹட்டனில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. கல்யாணமாகி 26 வருடம், ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை, கடை வைத்திருக்கும் கணவர் இப்போது தனியாக வாடகைக்கு இருக்கிறார். போன மாதம் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "விவாகரத்து எடுத்தால் பாதி வீடு எனக்குத்தானே?" என்பதுதான்.

இல்லை அக்கா. யாழ்ப்பாணத்துச் சிநேகிதி யாரோ தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில் இருவருக்கும் பங்கு) பற்றிச் சொல்லியிருக்கிறார். அது தேசவழமைச் சட்டம், வடக்கு மாகாணத் தமிழருக்கானது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். அதில் 1923 ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் ஆதனச் சட்டப்படி அவரவர் சொத்து அவரவருக்கு. காணி உறுதியில் யார் பெயரோ அவருடையது வீடு, 26 வருடம் சமைத்ததற்கும் பிள்ளை வளர்த்ததற்கும் அந்த உறுதியில் இடமில்லை. (உங்கள் நகையை விற்றுத்தான் காணி வாங்கினார்கள் என்றால் கதை வேறு, நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது உங்கள் காசில் வாங்கியதை அவர் உங்களுக்காகத்தான் தன் பெயரில் வைத்திருக்கிறார் என்று தனியாக வாதாடலாம். ரசீது, அடகுச் சீட்டு எதையும் எறிந்துவிடாதீர்கள்.)

அப்போ இருக்கிற வழிகள் என்ன?

விவாகரத்து எடுக்காமல் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு வழக்கு, அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கேட்கும் வழக்குப் போடலாம். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம். அவருக்கு வசதி இருக்கிறது, உங்களுக்கு வருமானம் இல்லை, அவர் கவனிக்கவில்லை என்று காட்டினால் மாதாமாதம் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள். கட்டாவிட்டால் மறியலுக்கும் போகலாம், சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலேயே பிடிக்கலாம். ஆனால் "இரண்டு பேரும் பேசித்தான் பிரிந்திருக்கிறோம்" என்று எதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உரிமையே ஆட்டம் காணும். பலர் கவனிக்காத இன்னொன்று: மனைவியாகவே இருக்கும்போது அவர் மரண சாசனம் எழுதாமல் போய்விட்டால், 1876 ஆம் ஆண்டின் சட்டப்படி அவர் சொத்தில் பாதி உங்களுக்கு. விவாகரத்து முடிந்த அன்றே அதுவும் முடிந்தது. அவர் யாருக்காவது எழுதி வைத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அது உண்மைதான்.

அடுத்தது மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து. இருவருக்கும் சம்மதம் என்பது மட்டும் காரணமாகாது, சோரம் (வேறொருவருடன் தகாத உறவு) அல்லது வேண்டுமென்றே கைவிட்டது போல ஒன்றை நிரூபிக்க வேண்டும். கைவிட்டுப் போனவர் அவரென்றால் வழக்குப் போட வேண்டியது நீங்கள்தான், அவர் முந்திக்கொண்டு உங்கள் மேல் பழி போட விடாதீர்கள். குடியியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 615 ஆம் பிரிவில் நீதிபதிக்கு இங்கே அதிகாரம் அதிகம்: மாதப் பணம் கட்டச் சொல்லலாம், ஒரேயடியாக மொத்தத் தொகை கொடுக்கச் சொல்லலாம், வீட்டையோ காணியையோ உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லலாம், பணத்துக்குப் பிணையாகக் காணியை ஈடு வைக்கவும் சொல்லலாம். எல்லாம் நீதிபதியின் விருப்பம், இத்தனை சதவீதம் என்ற கணக்கில்லை. குற்றம் உங்கள் பக்கம் என்று தீர்ந்தால் கிடைப்பது கஷ்டம்.

மாதப் பணமா, வீடா என்று கேட்டால் நான் வீடு என்பேன், கடைக்காரர் விஷயத்தில் நிச்சயமாக. அரசாங்க ஆசிரியரென்றால் சம்பளம் தெரியும், மாதப் பணம் பரவாயில்லை. கடைக்காரர் "வியாபாரமே இல்லை" என்று சொன்னால் எந்தக் கணக்கை வைத்து மறுக்கப் போகிறீர்கள்? தோட்டத்தில் வேலை செய்பவரென்றால் லயம் தோட்டத்துக்குச் சொந்தம், எழுதிக் கொடுக்க வீடே இல்லை. கையில் வரப் போவது சேமலாப நிதிதான். 55 வயதில் அதை எடுத்துச் செலவழித்த பிறகு மொத்தத் தொகை கேட்டு என்ன பிரயோசனம்?

அதனால் அந்த அக்காவுக்கு நான் சொன்னது: இப்போதே தாபரிப்பு வழக்கு. விவாகரத்து, வீடு உங்கள் பெயருக்கு மாறும் என்று தீர்ப்பிலேயே எழுதினால் மட்டும். "முதலில் கையெழுத்துப் போடு, வீட்டைப் பிறகு பார்க்கலாம்" என்று அண்ணன்மார் யாராவது சமாதானம் பேச வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், வருமானம் இல்லாதவருக்காகத்தான் அது இருக்கிறது. கல்யாணப் பதிவுச் சான்றிதழையும் காணி உறுதியின் பிரதியையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.